டிராக்டர் மட்டும்

கங்கம்மா ஏரோப்ளேனில் போகப் போகிறாள் என்ற சேதி பரவியதும் ஊரே வாயைப் பிளந்தது. அவள் புருஷன் கலியனுக்கு மட்டும் தூக்கம் போயிற்று. ஏரோப்ளேன் மேலே போவதைப் பற்றி அவனுக்குப் பயமில்லை. கீழே வாசலில் ஒருவன் துப்பாக்கியோடு நின்றுகொண்டு, கையை நீட்டி 'ஐ.டி.' என்று கேட்பானாமே, அதைப் பற்றித்தான் பயம்.

அவர்களுடைய ஒரே மகள் நந்தினி பூனாவில் முழுகாமல் இருந்தாள். தலைச்சன். முறைப்படி பார்த்தால் ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, கையோடு கவரைப்பேட்டைக்கு அழைத்து வந்து, தாய்வீட்டில்தான் பிரசவம் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு ரத்தக்கொதிப்பு ஏறிக்கொண்டே போனது. கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று அங்கிருந்த டாக்டரம்மா சொல்லிவிட்டாள். மாசியில் ஆபரேஷன் என்று நாளும் குறித்துவிட்டாள். மருமகன் ஜெகன் தங்கமான பிள்ளைதான், கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. ஆனால் தாய் இல்லாதவன். நந்தினி போன் செய்யும்போதெல்லாம் ஒன்றையேதான் கேட்டாள். "அம்மா, நீ வந்துடுவ இல்ல?"

ரயிலில் இடமில்லை. ஜெகன் அங்கிருந்தபடியே மலிவு விலை விமான டிக்கெட் ஒன்று போட்டுவிட்டான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் போய்ச் சேரும் டிக்கெட். தேதியை மாற்ற முடியாது. மாற்றினால் டிக்கெட்டே போச்சு. கலியன் கூடப் போக வழியில்லை. சிப்காட்டில் அவன் வேலை பார்க்கும் கம்பி கம்பெனியில் லீவு கிடையாது. நவரைப் பட்டத்து நடவு முடிந்த வயலுக்குத் தண்ணீர் கட்டவும் ஆள் வேண்டும்.

டிக்கெட்டை அச்சடித்துக் கொடுத்தவர் கும்மிடிப்பூண்டி பஜாரில் இருக்கும் கமால் பாய். பூர்வீகம் பழவேற்காடு. அப்பா காலத்தில் அங்கே ஜவுளிக்கடை. பாய் அதை விட்டுவிட்டு இங்கே வந்து, முன்பக்கம் டிரைவிங் ஸ்கூலும் பின்பக்கம் டிக்கெட் கவுன்ட்டருமாக நடத்திக்கொண்டிருந்தார். எப்போதும் சிரித்த முகம். யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாத மனுஷன்.

"அக்கா, போட்டோ போட்ட ஒரிஜினல் கார்டு ஒண்ணு வேணும். இல்லன்னா உள்ளயே உடமாட்டானுங்க" என்றார் பாய்.

ஆதார் அட்டை இன்னும் வராத காலம் அது. வாக்காளர் அட்டை இருந்தது. ஆனால் பெருமழை வருஷத்தில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது அதில் இருந்த கங்கம்மாவின் முகம் கரைந்துபோய், இப்போது அது யாருடைய அட்டையாகவும் இருக்கலாம். ரேஷன் கார்டில் இருந்தது கலியனின் படம். பாஸ்போர்ட்டுக்கு அந்த வீட்டில் என்ன வேலை? கங்கம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, மணிபர்ஸிலிருந்து மடித்த அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

பாய் அதைப் பிரித்தார். இளவயது கங்கம்மா உதட்டை அழுத்திக்கொண்டு முறைத்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் இருந்ததை அவர் வாய்விட்டுப் படித்தார்.

"டிராக்டர் மட்டும்." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "அக்கா! நீயா? ஒரு வார்த்த சொன்னதே இல்லியே!"

"இதுல சொல்றதுக்கு இன்னா பாய் கீது?"

"சரிதான். போட்டோ கீது, கவர்மென்ட் சீல் கீது. இதே போதும், தெகிரியமா போ."

போதும் என்று அவர் சொன்ன பிறகு பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். கூட உட்கார்ந்திருந்த கலியனால்தான் முடியவில்லை. கழுத்தில் டை கட்டினவர்களும் இங்கிலீஷ் பேசும் பிள்ளைகளும் வரிசையில் நிற்க, நடுவில் தன் பெண்டாட்டி 'டிராக்டர் மட்டும்' என்று ஒரு புத்தகத்தை நீட்டுவதை நினைத்துப் பார்த்தான். காது மடல் சூடேறியது.

அவனுடைய இந்தக் கூச்சத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. டிராக்டர் வாங்கிய புதிதில் லைசென்ஸ் எடுக்கப் போனது கலியன்தான். வண்டியை முன்னால் ஓட்டிக் காட்டுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ட்ரெய்லரைப் பின்னுக்குத் தள்ளுவதில்தான் எல்லோருக்கும் நாக்குத் தள்ளும். ட்ரெய்லர் பெட்டி வலப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் பெட்டி கத்தரிக்கோல் மாதிரி மடங்கிக்கொண்டு வந்து எஞ்சினையே இடிக்கும். முதல் தடவை கலியன் நட்டுவைத்த கம்பத்தைச் சாய்த்தான். இரண்டாம் தடவை, சாய்த்ததோடு நிற்காமல் அதன் மேலேயே ஏறி நின்றான்.

அந்த இரண்டாம் தடவை கங்கம்மாவும் கூட வந்திருந்தாள். அவளும் எல்.எல்.ஆர். போட்டிருந்தாள். என்னவோ ஆசைக்குப் போட்டிருக்கிறாள் என்று அவன் விட்டுவிட்டான். அவன் ஷிப்டுக்குப் போன பிறகு களத்துமேட்டில் தினமும் அவள் வண்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பழகியது அவனுக்கு எப்படித் தெரியும்? கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தவள் முன்னால் திரும்பவேயில்லை. ஒரே மூச்சில் பெட்டியை இரண்டு கம்பத்துக்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்தினாள். நாற்காலியில் சாய்ந்திருந்த இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து, கம்பத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியை இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தார்.

கலியனுக்கு அன்றைக்கு நெஞ்சு விம்மியது. பொறாமை கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரியதாக, இவளா நம்ம ஊட்டுக்காரி என்ற மலைப்பு இருந்தது. வாயைத் திறந்து அவன் சொன்னது மட்டும், "வெயிலு ஏறுது, கெளம்பு" என்பதுதான்.

அன்றிலிருந்து இவன் கம்பிக்கும் அவள் காணிக்கும் என்று ஆயிற்று. முதல் ஷிப்டு முடிந்து வரும்போது சைக்கிளை ரோட்டோரமாக நிறுத்திவிட்டு, அவள் சேறு அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். டயரைக் கழற்றிவிட்டு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய வண்டி, முழங்கால் ஆழச் சேற்றில் புரண்டுபோகும். வரப்பு முனையில் ஒருபக்க பிரேக்கை மட்டும் மிதித்து, நின்ற இடத்திலேயே வண்டியைச் சுழற்றி எடுப்பாள். ஒரு மண்கட்டிகூட வரப்பிலிருந்து சரியாது. கொக்கும் நாரையும் பின்னாலேயே வரும். அவளும் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டுவாள். எவ்வளவு நேரம் பார்த்தாலும் கலியனுக்குச் சலிக்காது. அவள் இறங்கி வரும்போது மட்டும், "இன்னா, இன்னும் முடியலியா?" என்று கேட்டு வைப்பான்.

கம்பெனியில் அவளைப் பற்றி அந்த அளவுகூடப் பேசமாட்டான். "உங்க ஊட்டு டிராக்டர யாருய்யா ஓட்றது?" என்று சூப்பர்வைசர் பாக்கியராஜ் ஒருமுறை கேட்டபோது, "ஆளு வெச்சிக்கீறன் சார்" என்று சொல்லிவிட்டான். சொன்னது சொன்னதுதான், அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

இப்போதும் அதே பாக்கியராஜிடம்தான் யோசனை கேட்டான். "எங்க ஊரு ஆளு ஒருத்தரு சார். டிராக்டர் லைசென்ஸ்தான் கீது. ஏர்போர்ட்ல ஒத்துக்குவாங்களா?"

"டிராக்டரா?" அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மெஷின்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். "வாசல்லயே தொரத்திடுவான்யா. கார் லைசென்ஸா எடுக்கச் சொல்லு. இப்பல்லாம் பளபளன்னு கார்டா தர்றான். அத்தக் காட்டுனா ஒரு மரியாத."

அவ்வளவுதான், கலியன் முடிவு செய்துவிட்டான். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "நீ கார் லைசென்ஸு எடுத்துடு" என்றான்.

"நம்மகிட்ட ஏதுயா காரு?"

"கார் எதுக்கு? கார்டுதான வேணும். பழசுலயே கார சேத்து, புதுசா மாத்திக்கலாம். நாளு கீது."

அவள் முதலில் பிகு செய்தாள். பிறகு, காரையும் ஒரு கை பார்த்துவிடலாமே என்ற ஆசை அவளுக்கே வந்துவிட்டது. கமால் பாயும், "தேவையில்லதான், ஆனா கத்துக்கிட்டா நல்லதுதானக்கா" என்று எல்.எல்.ஆர். போட்டுக் கொடுத்தார்.

பாயின் பழைய மாருதியில் பாடம் நடந்தது. கலியன் ஷிப்டு இல்லாத நாளெல்லாம் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். முதல் நாள் கங்கம்மா ஸ்டியரிங்கைப் பிடித்த வேகத்தில் கார் ரோட்டை விட்டு இறங்கித் திரும்ப ஏறியது. "இன்னா பாய் இது, புடிக்கறதுக்கு முன்னாடியே திரும்புது" என்றாள். இரண்டாம் நாள் அது அவள் சொன்னபடி கேட்டது. நான்காம் நாள் சிப்காட் லாரிகளுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தாள். ஒன்றுதான் குறை. நொடிக்கொரு தரம் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள்.

"அக்கா, ரோடு முன்னாடி கீதுக்கா! பின்னாடி இன்னாத்த தேடற?"

"பழக்கம் பாய். எனக்கு வேலையெல்லாம் பின்னாடிதான நடக்கும். கலப்ப சரியா எறங்கிச்சா, சாலு கோணிச்சான்னு பாத்தாதான மனசு ஆறும்."

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த கலியனுக்கு அவள் திரும்பும்போதெல்லாம் அவள் முகம் தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் அவன் அந்த முகத்தை எதிரில் பார்த்ததில்லை. பாய் திட்டட்டும், இவள் திரும்பிக்கொண்டே இருக்கட்டும் என்று இருந்தது அவனுக்கு.

டெஸ்ட் தேதி தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் விமானத்துக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் கிடைத்தது. திருவள்ளூருக்குக் காலையிலேயே பஸ் ஏறினார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லைசென்ஸைக் கலியன் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பாய் ஆள் வைத்து அனுப்பியிருந்த மாருதியில் கங்கம்மா எட்டுப் போட்டுக் காட்டினாள், பின்னுக்கு எடுத்தாள், மேட்டில் நிறுத்தி எடுத்தாள். "பின்னாடியே பாக்காதம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

அதுவரை எல்லாம் சரியாகவே போனது. கவுன்ட்டரில் இருந்தவர்தான், "பழைய லைசென்ஸக் குடுத்துட்டுப் போங்க. புதுசு தபால்ல வரும்" என்றார்.

கலியன் கவுன்ட்டருக்குள் தலையை நீட்டினான். "எப்ப சார் வரும்?"

"ஒரு வாரமும் ஆகும், பத்து நாளும் ஆகும்."

"அதுவரிக்கும் பழசு எங்க கையில இருக்கட்டுமே சார்."

"பழசு உள்ள வந்தாதானய்யா புதுசு போட முடியும்."

"அப்ப கையில இன்னா சார் இருக்கும்?"

"ரசீது தருவேன்."

"அதுல போட்டோ இருக்குமா?"

"ரசீதுல எங்கய்யா போட்டோ?" அவர் கோபப்படவில்லை. "அவசரம்னா யோசிச்சிட்டு வாங்க. சாப்பாட்டு நேரத்துக்குள்ள சொன்னா போதும்."

வெளியே வேப்பமரத்தடி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கலியன் டீயை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். புத்தகத்தைக் கொடுத்தால், நான்காம் நாள் இவள் வெறுங்கையோடு வாசலில் நிற்பாள். கொடுக்காவிட்டால், பாக்கியராஜ் சொன்ன மாதிரி துரத்திவிட்டால்? எது தப்பினாலும் நந்தினி ஆபரேஷன் மேஜையில் தாயில்லாமல் கிடப்பாள். நாள் குறித்த டாக்டரம்மா காத்திருக்க மாட்டாள். இந்தக் கார் லைசென்ஸ் பேச்சையே நாம் எடுக்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

பக்கத்து பூத்திலிருந்து பாய்க்குப் போன் போட்டான். "அண்ணே, நான் அன்னிக்கே சொன்னேனே, பழசே போதும்" என்றார் அவர். அப்பவும் கலியனின் மனசு அடங்கவில்லை.

"இன்னாயா பேஜாரு பண்ற, டீ ஆறுது" என்றாள் கங்கம்மா.

"பாய் போதும்னு சொல்றாரு. எங்க சூப்பர்வைசரு தொரத்திடுவான்னு சொல்றாரு. நான் இன்னா பண்ணட்டும்?"

"சூப்பர்வைசரு இதுவரிக்கும் ப்ளேன்ல போயிக்கீறாரா?"

கலியன் யோசித்தான். "இல்ல."

"பாய் எத்தினி பேர ஏத்தி வுட்டுக்கீறாரு?"

அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. ஆனால் வேறொன்று வாயில் வந்துவிட்டது. "அது இல்லமே. டிராக்டர் மட்டும்னு போட்டுக்கீதே. அத்தனை பேரு முன்னாடி சிரிப்பானுங்க. உன்ன யாராச்சும் சிரிச்சா என்னால..." முடிக்க முடியாமல் டீயைக் கீழே வைத்தான்.

கங்கம்மா அவனை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள். கோபம் வரும் என்று அவன் நினைத்தான், வரவில்லை.

"நந்தினி அப்பா, வாசல்ல நிக்கறவன் இன்னா கேக்கப் போறான்? காரு ஓட்டுவியான்னா கேக்கப் போறான்? நீ யாருன்னு கேக்கப் போறான். நான் யாருன்னு அதுல எழுதிக்கீது. படமும் என்னுது, பேரும் என்னுது, டிராக்டரும் என்னுது. இதுல எந்த எடத்துலயா பொய் கீது, நான் வெக்கப்பட?"

அவள் கையை நீட்டி அவன் சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். முந்தானையால் அட்டையை ஒரு தடவை துடைத்தாள்.

"புள்ள கண்ணத் தொறக்கறப்ப நான் அங்க இருக்கணும். காரு எங்கயும் ஓடிப் பூடாது, வந்து பாத்துக்கறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கவுன்ட்டர்காரரிடம், "இப்ப இது எனக்கு வேணும் சார். பேரப்புள்ளய பாத்துட்டு வந்து குடுக்கறன்" என்றாள். அவரும் சரியென்று தலையாட்டினார். இவளிடம் மட்டும் எப்படி எல்லாம் இவ்வளவு லேசாக முடிகிறது என்று கலியன் ஜன்னலுக்கு வெளியே நின்று வியந்தான்.

நான்காம் நாள் கும்மிடிப்பூண்டி லோக்கலில் சென்ட்ரல், அங்கிருந்து நடந்து பார்க் ஸ்டேஷன், பிறகு ஏர்போர்ட்டுக்கு எதிரே இறக்கிவிடும் திரிசூலம். கங்கம்மா கல்யாணப் பட்டைக் கட்டியிருந்தாள். கையில் ஒரு பை, அதில் பிரசவ லேகியமும் பழைய வெள்ளை வேட்டித் துணியும். வாசலில் துப்பாக்கியோடு உயரமான ஒரு வடக்கத்திக்காரன் நின்றிருந்தான். கலியனை ஓரமாகக் கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டார்கள். வரிசை நகர நகர அவனும் கம்பியை ஒட்டியே நகர்ந்தான். அவளுக்கு முன்னால் இருந்தவன் பளபளவென்று ஒரு கார்டை நீட்டினான். கலியன் கண்ணை மூடிக்கொண்டு, குலதெய்வம் பேர் மறந்துபோய், கமால் பாய் பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டான்.

கண்ணைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காவலன் படத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், டிக்கெட்டில் ஒரு கிறுக்குக் கிறுக்கினான், போ என்று தலையை ஆட்டினான். கங்கம்மா உள்ளே இருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் எதையும் படிக்கக்கூட இல்லை.

கலியனுக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே கோபமும் வந்தது. அதெப்படிப் படிக்காமல் விடலாம்? எத்தனை நாள் தூங்காமல் கிடந்தோம் இந்த இரண்டு வார்த்தைக்காக! இவள் யார் என்று இந்தக் கும்பலில் ஒருத்தனுக்கும் தெரியாமல், கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய்விடுவாளா?

"சார்!" என்று கத்தினான். "அத்தப் படிச்சியா சார்? டிராக்டர் சார், டிராக்டர்! எம் பொண்டாட்டி! ட்ரெய்லர ஒரே மூச்சுல ரிவர்ஸ் எடுப்பா சார்! எங்க சுத்துவட்டாரத்துல அவள மாதிரி சேறு அடிக்க ஆம்பளயே கெடயாது சார்!" இரண்டு கையாலும் பெரிய ஸ்டியரிங் ஒன்றைப் பிடித்து, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்து ஓட்டியும் காட்டினான்.

வரிசையே திரும்பியது. காவலனுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் புரிந்தது. "டிராக்டர்?" என்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பட்டுப்புடவையை விரலால் காட்டினான். கலியன் பலமாகத் தலையாட்டினான். அவனும் எங்கேயோ வயல்காட்டில் பிறந்தவன்தான் போலிருக்கிறது. மீசைக்குள் சிரித்தபடி, உள்ளே நின்றவளைப் பார்த்து நெற்றியில் கை வைத்தான்.

கங்கம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். சலாம் வைத்தவன் பக்கம் அவள் பார்வை போகவேயில்லை, கலியனைத்தான் பார்த்தாள். ஆட்கள் நுழைய நுழையத் திறந்துகொண்டிருந்த கதவு வழியே, அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்திருந்தது. புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டு, கதவு திறந்த நேரமாகப் பார்த்து, "போதும்யா, ஊடு போய்ச் சேரு! தண்ணி கட்ட மறந்துடாத!" என்று குரல் கொடுத்தாள்.

மறுநாள் கம்பெனி ஆபீஸுக்குப் போன் வந்தது. கலியனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். "பொட்டப்புள்ள. நந்தினி நல்லா கீறா. தூக்கியாந்து மொதல்ல என் கைலதான் குடுத்தாங்க" என்றாள் கங்கம்மா. பின்னால் குழந்தை வீறிட்டது. கலியன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான்.

போனை வைத்ததும் பாக்கியராஜ் கேட்டார். "இன்னாய்யா, கண்ணு கலங்குது? யாரு போன்ல?"

"எங்க ஊட்டு டிராக்டர ஓட்ட ஆளு வெச்சிக்கீறன்னு சொன்னேன் இல்ல சார்" என்றான் கலியன். "அது எம் பொண்டாட்டிதான் சார்."